எந்த வட்டாரத்தில் வீடு வாங்குவது?

(சங்கத்தின் குடும்பக் கலந்துரையாடலில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு சாதாரணமானது. எந்தப் பேட்டையில் வீடு வாங்குவது? நம் வீடுகளில் நிக்காஹ் பேசி முடித்த மறுநாளே எழும் கேள்வி இது. பெண் வீட்டார் தெம்பனிஸில் இருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் சுவா சூ காங்கில் இருப்பார்கள். புதிதாக வீடு கிடைப்பதோ பொங்கோலிலோ தெங்காவிலோ இருக்கும். உடனே கணக்குப் போடத் தொடங்குவோம். விலை எவ்வளவு, எம்ஆர்டி எவ்வளவு தூரம், மூவறையா நாலறையா, பிறகு விற்றால் என்ன கிடைக்கும்? இவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

நம் பாட்டன்மார்களுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்தவர்கள் தஞ்சோங் பகார் பக்கம் குடியேறினார்கள். துறைமுகத்தில் வேலை, நடந்து போகும் தூரத்தில் வீடு. மற்ற ஊர்களிலிருந்து வந்தவர்களில் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தபோது, கடையநல்லூர்க்காரர்கள் குடும்பத்தை அழைத்துவந்து இங்கேயே வாழத் தொடங்கியவர்கள். பெண்கள் மசாலா அரைத்துக் குடும்பத்துக்கு வருமானம் சேர்த்தார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. 1946இல் அவர்கள் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பிள்ளை காலையில் பள்ளிக்குப் போகும், மாலையில் ஓதப் போகும், இடையில் தெருவில் விளையாடும். எல்லா இடத்திலும் காதில் விழுவது தமிழ். பெற்றோர் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டு மாமி பார்த்துக்கொள்வார். நோன்புக் கஞ்சி கிண்ணம் கிண்ணமாக வீட்டுக்கு வீடு போகும். யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. இடம் அப்படி அமைந்திருந்தது.

பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் வந்தது. 1964இல் வீட்டு உரிமைத் திட்டம் வந்தது. 1968இலிருந்து மத்திய சேம நிதியிலிருந்து பணம் எடுத்து வீடு வாங்கலாம் என்றானது. குடிசையிலும் நெருக்கடியான கடைவீட்டு அறைகளிலும் இருந்த குடும்பங்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் தனிக் கழிவறையும் உள்ள சொந்த வீடு கிடைத்தது. இதை நாம் மறக்கக் கூடாது. பழைய நாளைப் பற்றிப் பேசும்போது நெருக்கடியையும் சேர்த்தே பேச வேண்டும். தோ பாயோ, அங் மோ கியோ, பிடோக், உட்லண்ட்ஸ் என்று குடும்பங்கள் பிரிந்து போயின. பிள்ளைகள் அந்தந்த வட்டாரப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். தமிழ்ப் பள்ளிகளுக்கு மாணவர் குறைந்தனர். 1982இல் உமறுப் புலவர் பள்ளியும் மூடப்பட்டது. அந்தப் பெயர் அடுத்த ஆண்டிலிருந்து தமிழ்மொழி நிலையமாகத் தொடர்ந்து வருவது நமக்குப் பெருமை.

சில பெரியவர்கள் என்னிடம் கேட்பார்கள்: "நாம் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பேட்டையில் வாங்கினால் என்ன?" கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் நடக்காது. 1989 மார்ச் மாதத்திலிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு, ஒரு வட்டாரத்தில் 10 விழுக்காடு, ஒரு புளோக்கில் 13 விழுக்காடு என்று அப்போது வரம்பு வைத்தார்கள். 2010இல் அது 12 என்றும் 15 என்றும் உயர்ந்தது. கணக்கைப் பாருங்கள். 100 வீடு உள்ள புளோக்கில் அதிகபட்சம் 15 வீடு. அந்த 15இல் இந்துக்கள், கிறிஸ்துவர்கள், சீக்கியர்கள், மலையாளிகள், யுரேசியர்கள் எல்லாரும் அடக்கம். தமிழ் முஸ்லிம் குடும்பம் இரண்டோ மூன்றோ இருந்தாலே அபூர்வம். பலதரப்பட்டவர்கள் கலந்து வாழ வேண்டும் என்பது இந்நாட்டின் முடிவு. அண்டை வீட்டாருக்கு நம் மார்க்கம் கொடுத்திருக்கும் உரிமையை அறிந்தவர்களுக்கு இதில் சங்கடம் இருக்கக் கூடாது. அண்டை வீட்டார் எந்த மதத்தவர் என்று பார்த்து அந்த உரிமை கூடுவதோ குறைவதோ இல்லை.

மறுவிற்பனை வீடு வாங்குகிறவர்கள் இந்த வரம்பை நடைமுறையிலும் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு புளோக்கில் நம் இனத்தாரின் வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே ஓர் இந்தியர் விற்கும் வீட்டைத்தான் நாம் வாங்க முடியும். சீனர் விற்கும் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் கிடைக்காது. அதேபோல், சீனர்களுக்கான வரம்பு நிரம்பிய புளோக்கில் நாம் விற்கப் போனால், சீனர் வாங்க முடியாது. வாங்க வருபவர்கள் குறைவாக இருப்பார்கள், விலையும் அதற்கேற்பவே அமையும். இந்த நிலவரத்தை வீவக இணையத்தளத்தில் முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம். மாதத்தின் முதல் நாள் அது புதுப்பிக்கப்படுகிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். கொடுத்த பிறகு பார்த்துப் பயனில்லை.

ஆக, அக்கம்பக்கத்தில் நம்மவர் நிறைந்த தெரு இனி அமையாது. அப்படியானால் வட்டாரத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? என் பதில் இது: ஒரு சாதாரண வேலைநாளில், உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு யார் தேவைப்படுகிறார்கள், அவர்களிடம் எவ்வளவு சுலபமாகப் போய்ச்சேரலாம் என்பதை வைத்து. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் ஒரு மணி நேரம் பயணம் செய்து போய்விடலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாலர் பள்ளியிலிருந்து பகல் பதினொரு மணிக்குத் தொலைபேசி வந்தால் யார் போவார்கள்? அத்தா கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றால் எந்தப் பிள்ளை முதலில் வந்து சேர்வார்? வட்டாரத்தைத் தேர்ந்தெடுப்பது இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான்.

முதலில் பெற்றோரைப் பற்றி. சிலர் வாப்பா, உம்மா என்பீர்கள். சிலர் அத்தா, அம்மா என்பீர்கள். யாராக இருந்தாலும் வயது எழுபதைத் தாண்டினால் தேவை ஒன்றுதான். மறுவிற்பனை வீடு வாங்கித் தகுதிபெறும் குடும்பம் பெற்றோருடன் சேர்ந்து வாழ்ந்தால் 30,000 வெள்ளி, 4 கிலோமீட்டருக்குள் வாழ்ந்தால் 20,000 வெள்ளி மானியம் இருக்கிறது. இந்தப் பணத்தைக் கழித்துவிட்டு விலையை ஒப்பிட வேண்டும். பேரப்பிள்ளையைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டால் மிச்சமாகும் செலவையும் சேர்க்க வேண்டும். ஆனால் 4 கிலோமீட்டர் என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நேராக ஒரே பேருந்து இருந்தால் 4 கிலோமீட்டர் பக்கம்தான். இரண்டு பேருந்து மாற வேண்டும் என்றால், கைத்தடியுடன் வரும் அம்மாவுக்கு அது தொலைவுதான். வீட்டைப் பார்க்கப் போகும் நாளில் காரில் போகாதீர்கள். பெற்றோர் வீட்டிலிருந்து பேருந்திலேயே போய்ப் பாருங்கள். பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

இரு பக்கப் பெற்றோரும் இரு மூலையில் இருந்தால்? நம் பழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் என்று பேசாமலே முடிவாகிவிடும். நான் கேட்டுக்கொள்வது, பேசி முடிவு செய்யுங்கள் என்பதுதான். எந்தப் பெற்றோருக்குப் பக்கத்தில் வேறு பிள்ளை இருக்கிறது, யாருக்கு உடல்நலம் குறைவு, யார் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முன்வருகிறார்கள் என்று பாருங்கள். பகலெல்லாம் அந்த வீட்டில், அந்த வட்டாரத்தில் அதிக நேரம் இருக்கப் போவது யார்? பெரும்பாலும் மருமகள்தான், மகப்பேற்று விடுப்பில் இருக்கும் மகள்தான். அவரைக் கேட்காமல் வட்டாரத்தை முடிவு செய்வது நியாயமில்லை.

அடுத்து பள்ளிவாசல். இந்த விஷயத்தில் அல்ஹம்துலில்லாஹ், நம் முன்னோருக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியது. வேலை செய்யும் முஸ்லிம்கள் மாதந்தோறும் சம்பளத்தில் சிறு தொகை கொடுத்தார்கள். அந்த நிதியில் முதலாவதாக 1977இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் எழுந்தது. 2015இல் பொங்கோலில் அல் இஸ்லாஹ், 2016இல் ஜூரோங் வெஸ்ட்டில் மஆரூஃப், 2017இல் உட்லண்ட்ஸில் யூசோஃப் இஷாக் என்று தொடர்ந்து வந்தன. அந்தச் செங்கற்களில் தமிழ் முஸ்லிம் தொழிலாளியின் காசும் இருக்கிறது. ஆகவே வட்டாரப் பள்ளிவாசலில் நாம் விருந்தாளிகள் அல்ல. ஜும்ஆவுக்கு நகரத்துக்குப் போய்விடுகிறோம். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் நம்மை யாருக்கும் தெரிவதில்லை. நாளை வீட்டில் ஒரு மௌத் நேர்ந்தால் முதலில் ஓடப்போவது அங்கேதான். வாரத்தில் ஓர் இஷாவாவது அங்கே தொழுங்கள். கஞ்சி காய்ச்சும் தொண்டர்களோடு போய் நில்லுங்கள்.

தமிழில் குத்பா கேட்க வேண்டும் என்ற ஆசையும் நியாயமானது. 1826இல் தொடங்கப்பட்ட சவுத் பிரிட்ஜ் சாலை ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் போன்றவை நகர மையத்தில் இருக்கின்றன. இங்கேதான் வரைபடத்தை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். உட்லண்ட்ஸ் தொலைவு என்கிறோம். 2022 நவம்பரில் மேக்ஸ்வெல் நிலையம் திறந்ததிலிருந்து, உட்லண்ட்ஸில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயிலில் ஏறினால் மாறாமல் அங்கே இறங்கி ஜாமிஆ சூலியாவுக்கு நடந்துவிடலாம். பொங்கோலும் தொலைவு என்கிறோம். அங்கிருந்து வடகிழக்கு ரயில் ஒன்றே லிட்டில் இந்தியாவுக்கும் சைனாடவுனுக்கும் கொண்டுவிடுகிறது. தேக்காவில் சாமான் வாங்குவதும் ஜும்ஆ தொழுவதும் ஒரே ரயிலில். வரைபடத்தில் இவற்றைவிடப் பக்கமாகத் தெரியும் இடங்களிலிருந்து இரண்டு முறை மாற வேண்டியிருக்கலாம். பெரியவர்களுக்குப் பயண நேரத்தைவிட மாறும் படிக்கட்டுகள்தான் சிரமம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நகரத்தில் வேலை பார்க்கும் ஆண் வெள்ளிக்கிழமை தமிழில் குத்பா கேட்டுவிடுகிறார். செங்காங்கில் வீட்டில் இருக்கும் அவர் மனைவிக்கும் தாய்க்கும் வாரம் முழுவதும் தமிழில் மார்க்கம் கேட்க வாய்ப்பு எங்கே? இதை வட்டாரத் தேர்வால் மட்டும் தீர்க்க முடியாது. சங்கத்திடம் இதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

பிள்ளைகளின் படிப்புக்கு வருவோம். தொடக்கநிலை ஒன்றுக்குப் பதியும்போது, இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமாகிவிட்டால், ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் குடிமக்களுக்கு முதலிடம், பிறகு ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வரை. அந்த முகவரியை வைத்து இடம் கிடைத்தால் குறைந்தது 30 மாதம் அங்கே குடியிருக்க வேண்டும். இதையெல்லாம் பெற்றோர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். பலர் கேட்க மறப்பது, அந்தப் பள்ளியில் தமிழ் எப்படி நடக்கிறது என்பது. பள்ளி நேரத்திலேயே தமிழ் வகுப்பு உண்டா? அல்லது பள்ளி முடிந்து வேறு நிலையத்துக்குப் போக வேண்டுமா? போக வேண்டும் என்றால் யார் அழைத்துப் போவார்கள்? அதேபோல் வார இறுதி மதரஸா எந்தப் பள்ளிவாசலில், எந்த மொழியில் என்று கேளுங்கள். பள்ளியும் மதரஸாவும் ஆங்கிலத்தில், விளையாட்டும் ஆங்கிலத்தில் என்றால், பிள்ளைக்குத் தமிழ் மிச்சமிருப்பது பாட்டியிடம் மட்டும்தான். அந்தப் பாட்டி வாரத்துக்கு எத்தனை முறை கண்ணில் படுவார் என்பதை நீங்கள் வாங்கும் வீட்டின் முகவரி முடிவு செய்கிறது.

இவ்வளவு யோசிக்கச் சொல்வதற்குக் காரணம், முடிவை எளிதில் மாற்ற முடியாது. சாதாரணமாக 5 ஆண்டு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம். 2024 அக்டோபரிலிருந்து புதிய பிடிஓ வீடுகள் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று மூன்று வகை. பிளஸ், பிரைம் வீடுகளுக்குக் குடியிருப்புக் காலம் 10 ஆண்டு. விற்கும்போது மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். நகரத்துக்குப் பக்கம், நிலையத்துக்குப் பக்கம் என்ற ஆசையில் விண்ணப்பிக்குமுன் இந்தப் 10 ஆண்டை நினையுங்கள். இன்று பிறக்கும் பிள்ளைக்கு அப்போது பத்து வயது. இன்று எழுபது வயதான பெற்றோருக்கு எண்பது.

பழைய பேட்டையில் வாங்குகிறவர்கள் குத்தகைக் காலத்தைப் பாருங்கள். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை இருந்தால்தான் சேம நிதியை முழு வரம்பு வரை பயன்படுத்த முடியும். 60 ஆண்டு மிச்சமுள்ள வீட்டை 30 வயதுக்காரர் வாங்கினால் 90 வயது வரைதான் வருகிறது. சேம நிதியில் எடுக்கும் தொகை குறையும். 40 வயதுக்காரருக்கு அதே வீட்டில் அந்தத் தடை இல்லை. ஆகவே நண்பருக்குப் பொருந்திய வீடு நமக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

பிடித்த வட்டாரத்தை நான்கு நேரங்களில் போய்ப் பாருங்கள். வேலைநாள் காலை ஏழு மணிக்குப் பேருந்து நிற்குமிடத்தில் நில்லுங்கள். பகலில் போய் முதியவர்கள் உட்கார நிழலும் நடக்கக் கூரையுள்ள பாதையும் பக்கத்தில் மருந்தகமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மஃரிபுக்குப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வீடு வரை நடந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஈரச்சந்தைக்குப் போங்கள்; ஹலால் இறைச்சிக் கடை இருக்கிறதா, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கிறதா என்று பாருங்கள். இந்த நான்கு பயணத்தில் தெரிவது விளம்பரப் படத்தில் தெரியாது.

இப்போது சங்கத்திடம் என் வேண்டுகோள். நம் உறுப்பினர்கள் எந்தெந்தப் பேட்டையில் இருக்கிறார்கள் என்று வட்டாரவாரியாகப் பிரித்துப் பாருங்கள். சம்மதிப்பவர்களை அந்தந்த வட்டாரத்தில் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துங்கள். ஒரே புளோக்கில் பத்துக் குடும்பம் கிடைக்காது. ஒரே பேட்டையில் ஐந்து குடும்பம் நிச்சயம் கிடைக்கும். ஐந்து குடும்பம் இருந்தால் பெண்களுக்கு மாதம் ஒரு தமிழ் பயான் ஒரு வீட்டு வரவேற்பறையில் நடத்தலாம். பிரசவித்த பெண்ணுக்குச் சோறு கொடுத்தனுப்பலாம். தனியாக இருக்கும் பெரியவரின் கதவை வாரம் ஒருமுறை தட்டலாம். தராவீஹுக்குப் பிள்ளைகளைச் சேர்த்து அழைத்துப் போகலாம். சங்கத்தின் எல்லா நிகழ்ச்சியையும் நகரத்து மண்டபத்தில் வைத்துவிட்டு, தாய்மார்கள் வருவதில்லை என்று குறை சொல்லக் கூடாது. கைக்குழந்தையோடு இரண்டு ரயில் மாறி அவர்கள் எப்படி வருவார்கள்? ஆண்டில் சில நிகழ்ச்சிகளையாவது வடக்குக்கும் கிழக்குக்கும் மேற்குக்கும் கொண்டு போங்கள்.

தஞ்சோங் பகாரில் நம் முன்னோருக்குப் பக்கத்து வீடு தானாக அமைந்தது. அதில் நடந்த உதவிகளை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இன்று அதே உதவி வேண்டுமென்றால், வீடு வாங்கும்போதே அதற்கும் ஓர் இடம் ஒதுக்கிக் கணக்குப் போட வேண்டும். இளம் தம்பதியரே, விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன் இரு வீட்டுப் பெரியவர்களையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, வாரத்தின் ஏழு நாளுக்கும் யார் எங்கே போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு வரைபடத்தை விரியுங்கள்.

நம் ஒவ்வொருவருக்கும் விசாலமான வீட்டையும், நல்ல அண்டை வீட்டாரையும், அந்த வீட்டில் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. நம் பெற்றோருக்கு நீண்ட ஆயுளையும் ஆரோக்கியத்தையும் கொடுத்து, அவர்களைப் பக்கத்தில் இருந்து கவனிக்கும் பாக்கியத்தை நமக்கு அளிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.